பழைய வாசக்காலுக்கு ஒரு வீடு வேண்டும்

அன்றைக்கு வாசலுக்கு நிலை வைக்கும்போது இருந்தவர்கள்: நான், என் வீட்டுக்காரர், அவருடைய அக்கா, மேஸ்திரி, தச்சர். அப்புறம், யாரும் கூப்பிடாமல் வந்த ஒரு அம்மா. அவ்வளவுதான்.

ஈர சிமென்ட் வாசனை, குழைத்த மஞ்சள் வாசனை, பழைய தேக்கிலிருந்து வரும் ஒரு எண்ணெய் வாசனை... மூன்றும் கலந்து இன்றைக்கும் மூக்கிலேயே இருக்கிறது.

மாடம்பாக்கத்தில் எங்கள் வீடு எழும்பிக்கொண்டிருந்த சமயம். பத்தாவதோடு நின்றவள் நான். ஆனால் வீடு கட்டுவது பற்றி லைப்ரரியில் இருந்ததை எல்லாம் படித்துவிட்டேன். சாம்பலில் செய்த ஃப்ளை ஆஷ் கல் போட்டால் வயல் மண்ணைத் தோண்டிச் சுட வேண்டியதில்லை. கிழக்கே ஜன்னல் பெரிதாக இருந்தால் மத்தியானத்துக்கு மேல் கடல் காற்று அடுப்படி வரை வரும். மொட்டை மாடிக்குச் சுண்ணாம்பு அடித்தால் கீழே ஃபேனே போதும். மாடியில் விழும் மழை அத்தனையும் கிணற்றுக்குள் போக வேண்டும்...

நான் சைட்டுக்குள் நுழைந்தாலே மேஸ்திரி, "இன்ஜினியரம்மா வந்துட்டாங்கப்பா, எல்லாம் ஒழுங்கா நில்லுங்க" என்பார். ஆனால் சொன்னதைச் செய்வார்.

கதவு, ஜன்னலுக்குப் புதிதாக மரம் வாங்க எனக்கு மனசு வரவில்லை. வெட்டி இழைத்த மரம் இத்தனை கிடக்கும்போது, இன்னொன்றை எதற்கு வெட்ட வேண்டும்? பள்ளிக்கரணை போகிற வழியில், இடித்த வீட்டுச் சாமான் விற்கிற ஒரு இடத்தில்தான் அந்தத் தேக்கு வாசக்காலைப் பார்த்தேன். மேல் கட்டையில் ஒரு சின்னத் தாமரை. அதன் இரண்டு பக்கமும் மாவிலை கட்டிக் கட்டித் தேய்ந்துபோன ஆணி ஓட்டைகள்.

வீட்டுக்காரரின் அக்காவை நான் அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். நிலைக்கு மஞ்சள் குங்குமம் வைக்க வேண்டியவர் அவர்தான். எங்கள் வழக்கத்தில் அது வீட்டில் பிறந்த பெண்ணின் உரிமை. காலையில் வந்து இறங்கினார், நிலையைப் பார்த்தார், தட்டைக் கீழே வைத்துவிட்டார்.

"ஜன்னல் பழசுன்னா பரவால்ல சாந்தி. வாசக்கால் அப்படி இல்லம்மா. அடுத்தவங்க வீட்டு வாசலை வெச்சா அவங்க கஷ்டமும் கூடவே வரும். நான் பொட்டு வைக்க மாட்டேன்."

வீட்டுக்காரர் மெதுவாக, "புது மரம்னா மட்டும் என்னக்கா... அதுலயும் எந்தக் குருவி குடியிருந்துச்சோ" என்றார். அண்ணி சிரிக்கவில்லை.

சாமி காரியத்தில் நான் ஒரு குறை வைக்கிறவள் இல்லை. இங்கே சிவன் கோயில் வாசலைத் தலைமுறை தலைமுறையாக எத்தனை பேர் தாண்டியிருப்பார்கள், எத்தனை கஷ்டத்தோடு தாண்டியிருப்பார்கள். அந்த வாசல் தீட்டாகிவிட்டதா? இதை அண்ணியிடம் சொல்ல வாய் வரவில்லை. அவர் பொட்டு வைக்காமல் நிலையைத் தூக்கவும் மனசில்லை. நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது.

அப்போதுதான் ஆட்டோவில் அந்த அம்மா வந்து இறங்கினார். கையில் ஒரு முழம் மல்லிகை. சாமான் கடைக்காரரிடம் விசாரித்துக்கொண்டு குரோம்பேட்டையிலிருந்து வந்திருக்கிறார்.

"தப்பா எடுத்துக்காதீங்க. இது எங்க வூட்டு வாசக்காலு. எங்க போவுதுன்னு ஒரு தபா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

அவர் கிட்டே போய் அந்தத் தாமரையைத் தடவினார்.

அண்ணிதான் நேராகக் கேட்டார், அந்த வீட்டில் எல்லாரும் நன்றாக இருந்தார்களா என்று.

"கஷ்டம் வந்துதும்மா, பொய் சொல்ல மாட்டேன். எந்த வூட்லதான் வரல? ஆனா நான் மருமவளா உள்ள வந்ததும் இதுலதான், எம்பொண்ணு மாலையோட வெளிய போனதும் இதுலதான். தொட்டுக் கும்புடாம ஒரு நாளும் படி தாண்டல."

அண்ணி குனிந்து, கீழே வைத்த தட்டை எடுத்து அந்த அம்மாவிடம் நீட்டினார். "மொதப் பொட்டு நீங்க வைங்க. அடுத்தது நான் வைக்கிறேன்."

தச்சர் ஆணி ஓட்டைகளை மெழுகால் அடைக்க வந்தார். வேண்டாம் என்றேன். அந்த ஓட்டைகளிலேயே ஆணி வைத்து இத்தனை வருஷமும் மாவிலை கட்டினேன். அண்ணி இருந்தவரைக்கும், எப்போது வந்தாலும் முதலில் நிலையைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் எங்களைப் பார்ப்பார்.

இப்போது... ஒவ்வொரு தடவை ரோடு போடும்போதும் தெரு ஏறிக்கொண்டே போய், வீடு பள்ளமாகிவிட்டது. போன மழையில் சாமி ரூம் வரைக்கும் தண்ணீர். வேறு வழியில்லாமல் ஃப்ளாட் கட்டக் கொடுத்துவிட்டோம். எல்லாக் கதவும் ஒரே டிசைன்தானாம், எங்கள் வாசக்காலை வைக்க முடியாதாம். நாவலூரில் மகள் வீட்டில் மழை வந்தால் கதவு உப்பிக்கொள்கிறது, தோளால் இடித்துத் திறக்கிறாள். இந்த நிலையில் மாட்டிய பழைய தேக்குக் கதவு இன்றைக்கும் ஒரு விரலுக்குத் திறக்கிறது.

சாமான் கடையில் போட்டுவிடலாம் என்கிறார்கள். காய்கறிக்குக்கூடக் கணக்கு எழுதுகிறவள், இதற்கு விலை கேட்க மாட்டேன். இதைப் படிக்கிற உங்களில் யாராவது வீடு கட்டினால் எடுத்துக்கொள்ளுங்கள். நிலை வைக்கிற அன்றைக்கு என்னைக் கூப்பிட்டால் போதும், பூவோடு வருகிறேன். குரோம்பேட்டை அம்மா எதற்காக அவ்வளவு தூரம் வந்தார் என்று இப்போதுதான் புரிகிறது.

ஆடி முடிந்ததும் இடிக்க வருகிறார்கள். அதற்குள் பதில் சொல்லுங்கள்.