விதானையாரின் முதுகு

போன மாதம் பிராக் நகரத்தில், கல் பதித்த சதுக்கம் ஒன்றின் நடுவே, முன்பின் தெரியாத ஒரு பெண் என் பெயரை எழுதி என் நெஞ்சில் ஒட்டினாள்.

அவள் பெயர் யானா. எங்கள் வழிகாட்டி. கையில் பச்சைக் குடை, வாயில் ஓயாத பகிடி. "நீங்கள் எட்டே எட்டுப் பேர். இரண்டு மணித்தியாலம் ஒன்றாய் நடக்கப் போகிறோம். பெயர் தெரியாமல் எப்படி நடக்கிறது?" என்றாள். எல்லாருக்கும் ஒரு ஸ்டிக்கர். எனக்கு 'நாதன்', மனைவிக்கு 'வசந்தி'. ஐந்து நிமிஷத்தில் மற்ற ஆறு பேரின் பெயரும் எனக்குத் தெரிந்துவிட்டது.

இதில் எழுத என்ன இருக்கிறது என்கிறீர்களா? இருக்கிறது. இதே நகரத்தில் நான் ஆறு பேரோடு ஒரே அறையில் நாலு மாதம் இருந்திருக்கிறேன். அந்த ஆறு பேரில் ஒருத்தரின் பெயரும் எனக்குத் தெரியாது.

என் கொலஸ்ட்ரோல் முதல் மருமகனின் பார்பிக்யூ வரைக்கும் வாரா வாரம் இந்தப் பக்கத்தில் உங்களுக்குச் சொல்லித் தள்ளியிருக்கிறேன். இதை மட்டும் சொன்னதில்லை. கொழும்பிலிருந்து நேரே ரொறன்ரோ… அதுதான் என் கதை. காசு வாங்கிக் களவாய் ஆள் அனுப்புகிற ஏஜென்சிக்காரன் பாடமாக்கித் தந்த கதை. இமிகிரேஷனில் சொன்னேன். வேலையிடத்தில் சொன்னேன். கலியாணம் பேசப் போன இடத்தில் மாமனாருக்கும் அதையே சொன்னேன். முப்பது வருஷத்துக்கு மேல் ஒரு பொய்யைச் சொன்னால் அது நாக்கிலேயே குடியிருந்துவிடும். இனி இமிகிரேஷன்காரர் இந்தப் பத்திரிகையை வாசித்தால்? வாசிக்கட்டும். நான் பென்ஷன் எடுக்கிற வயசுக்கு வந்துவிட்டேன்.

எங்கள் முப்பதாவது கலியாண நாளுக்கு மகள் ஐரோப்பா டிக்கெட் தருகிறேன் என்றாள். யூனியன்வில்லில் அவளின் வீட்டுக் குசினியில் லப்டொப்பைத் திறந்து வைத்து, "அப்பா, யூ சூஸ். பாரிஸ், ரோம், எது வேணும்?" என்று கேட்டாள். நான் பிராக்கில் விரலை வைத்தேன். அவள் என்னையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தாள். பின்னே? மல்வேர்னை விட்டால் ஒஷாவாவுக்கு அங்கால் கால் வைக்காத மனுஷன் நான்.

"உங்களுக்கு பிராக் எங்க இருக்கெண்டு தெரியுமா அப்பா?"

"தெரியாது" என்றேன். அதுவும் ஒரு வகையில் உண்மைதான்.

நாலு மாதம் இருந்தவனுக்கு எப்படித் தெரியாமல் போகும்? வெளியே விட்டால்தானே தெரியும்! மூன்றாம் மாடியில் ஒரு அறை, ஒரு குசினி, ஒரு கக்கூஸ். ஏழு பேர். ஜன்னல் முழுக்கப் பழைய பேப்பர் ஒட்டியிருக்கும். சத்தம் போடக் கூடாது. சப்பாத்துப் போடக் கூடாது. தாளிக்கக் கூடாது, வாசனை காட்டிக் கொடுத்துவிடும். மாதா கோயில் மணி அடிக்கிற நேரம் மட்டும்தான் கக்கூசில் தண்ணீரை இழுத்து விடலாம். எல்லாத்துக்கும் மேலே ஒரு சட்டம்: ஒருத்தரின் சொந்தப் பெயரை மற்றவர் கேட்கக் கூடாது. பிடிபட்டவனை அடித்துக் கேட்டாலும் அவனுக்குச் சொல்ல ஒன்றும் இருக்கக் கூடாதாம். நாங்களும் கேட்கவில்லை. நல்ல பிள்ளைகள்.

ஜன்னல் பேப்பரில் ஒரு மூலை கிழிந்திருந்தது. அதுதான் எங்கள் தொலைக்காட்சி. அதில் தெரிந்தது எதிர் முகட்டில் நின்ற ஒரு கல் மனுஷனின் முதுகு. இடது கக்கத்தில் ஒரு புத்தகம். அவர் விழாமல் இருக்க முதுகில் ஒரு இரும்புக் கம்பி கொடுத்திருந்தார்கள். ஊரில் கொப்பியும் கையுமாக வீடு வீடாய் வந்து ஆட்களைப் பதிகிற விதானையார் மாதிரியே இருந்தார். அந்தப் பெயரை வைத்தவர் மாஸ்டர். "விதானையார் நம்மளப் பதிய வந்தவர், மறுகா வழி தெரியாம மேல ஏறிட்டார்" என்பார். நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்போம்.

மாஸ்டர் மட்டக்களப்புப் பக்கத்து ஆள். ஒவ்வொரு வசனத்திலும் ஒரு 'மறுகா' விழும். பிறகு என்பதற்கு அவர்களின் சொல். கணக்குப் படிப்பித்தவர். அப்போது நாற்பத்தைந்து வயது இருக்கும். பகலில் எனக்கு ஆங்கிலம் சொல்லித் தருவார், பின்னேரத்தில் தொய்வு வந்து மூச்சுக்கு இழுப்பார். குளிர் கூடக் கூட இருமலும் கூடியது. பக்கத்து வீட்டில் ஆட்கள் இருந்தார்களே… நாங்கள் என்ன செய்தோம்? அவரிடம் தலகணியைக் கொடுத்தோம். "இதுக்குள்ள இருமுங்கோ மாஸ்டர்." மணி அடிக்கப் போகிற நேரமென்றால், "மணி அடிக்கும்மட்டும் கொஞ்சம் பொறுங்கோ மாஸ்டர்." பொறுப்பார். முகம் கறுத்துப் போகும். பொறுப்பார்.

சரி, நடைக்கு வாறன்.

யானா முதலில் கேட்டது, "பிராக்குக்கு எல்லாரும் முதல் தடவையா?" என்றுதான். "ஃபெர்ஸ்ட் டைம்" என்றேன். பட்டென்று வந்தது. பயிற்சி அப்படி.

பழைய மணிக்கூட்டுக் கோபுரத்தின் கீழே நின்றோம். மணித்தியாலத்துக்கு ஒருக்கால் ஒரு எலும்புக்கூடு கயிற்றை இழுக்கும், மணி அடிக்கும். எல்லாரும் போனைத் தூக்கினார்கள். மணி அடித்ததும் எனக்கு வந்த முதல் நினைப்பு — ஓடிப்போய்க் கக்கூசுக்குத் தண்ணீர் இழுத்து விடவேண்டும். இரண்டாவது நினைப்பு, இப்ப இருமலாம் மாஸ்டர்.

அதற்குப் பிறகு யானா சொன்ன ராசா ராணி ஒன்றும் காதில் ஏறவில்லை. நான் முகடுகளைப் பார்த்துக்கொண்டு நடந்தேன். இந்த நகரத்தில் முகட்டுக்கு முகடு ஒரு கல் மனுஷன். எல்லாருக்கும் முகம் இருந்தது. எனக்கு வேண்டியது ஒரு முதுகு.

"இஞ்சேருங்க, கிறுகி இஞ்சால பாருங்க" என்று வசந்தி முழங்கையால் இடித்தாள். அவளும் மட்டக்களப்புத்தான். "அந்தப் புள்ள தொண்டை கிழியக் கத்துது, நீங்க முகட்டைப் பாக்கிறீங்க. மறுகா கல்லுல இடறி விழுந்தா நான் தூக்க மாட்டன்."

கடைசி நிறுத்தம் ஆற்றுக்குக் கிட்ட ஒரு சின்ன முற்றம். யானா ஒரு பெரிய வாசலின் முன்னால் குடையை உயர்த்தினாள். "இது துறவிகள் தொடங்கிய ஆஸ்பத்திரி. நூற்றுக்கணக்கான வருஷமாக இங்கேயே இருக்கிறது. மேலே நிற்பவர் நோயாளிகளின் காவலர். அந்தக் காலத்தில் இந்த வாசலில் ஒரு வழக்கம் இருந்ததாம். யார் வந்து தட்டினாலும் முதலில் உள்ளே எடுப்பது, பெயரைப் பிறகு கேட்பது."

நான் அண்ணாந்து பார்த்தேன். சாந்தமான ஒரு முகம். அறிமுகமில்லாத முகம். ஆனால் இடது கக்கத்தில் ஒரு புத்தகம்.

யாருக்கும் சொல்லாமல் பக்கத்து ஒழுங்கைக்குள் இறங்கிச் சுற்றிப் பின்பக்கம் போனேன். நிமிர்ந்தேன். இரும்புக் கம்பி. கறள் பிடித்து அப்படியே இருந்தது. திரும்பினால் எதிரே நாலு மாடிக் கட்டடம். இப்போது மஞ்சள் பெயின்ற் அடித்து, ஜன்னலுக்கு ஜன்னல் பூச்சாடி வைத்து, ஹோட்டல் ஆக்கியிருந்தார்கள். மூன்றாம் மாடி, இடமிருந்து இரண்டாவது ஜன்னல்.

அந்தக் கட்டடத்தின் வாசலிலிருந்து ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் நடந்து பார்த்தேன். நூற்றி நாற்பது காலடி. ஐயோ, நூற்றி நாற்பது! நாலு மாதமாக நாங்கள் பகிடி பண்ணிச் சிரித்தது ஆஸ்பத்திரி வாசலில் நின்ற மனுஷனின் முதுகைப் பார்த்து.

வசந்தி மூச்சு வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தாள். அந்த நடைபாதைக் கல்லில் குந்தியிருந்து எல்லாத்தையும் அவளுக்குச் சொன்னேன். இன்றைக்கு உங்களுக்கும் சொல்கிறேன்.

மாசி மாதம் ஒரு விடியப்புறம் மாஸ்டரின் சொண்டு நீலமாகிவிட்டது. பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுவோமா என்று ஒருத்தர் கேட்டார். அங்கே டெலிபோன் இருந்தது, மணி அடிக்கிற சத்தம் எங்களுக்குக் கேட்கும். தட்டினால் பொலிஸ் வரும், ஏழு பேரும் திரும்பக் கொழும்புக்கு, கட்டுநாயக்கா எயார்போர்ட்டில் போய் இறங்குவோம். ஒருத்தரின் முகத்தை ஒருத்தர் பார்த்தோம். "வேண்டாம், ஏஜென்சி வரட்டும்" என்று முதலில் வாய் திறந்தவன் நான். அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்குக் கனடாவுக்கு பிளேன். மாஸ்டர் என் கையைத் தட்டி, "ஓம் தம்பி, வேணாம். மறுகா பாப்பம்" என்றார். என் காது கேட்க விரும்பியதையே சொன்னார். நானும் அதைப் பிடித்துக்கொண்டேன்.

ஏஜென்சியின் ஆள் வருவதற்கு இரண்டு நாள் ஆனது. போர்வையால் சுற்றி மாஸ்டரைக் கீழே இறக்கிக் கூட்டிக்கொண்டு போனான். "ஆஸ்பத்திரியில விட்டாச்சு, ஆள் சுகம்" என்று அடுத்த நாள் வந்து சொன்னான். எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டோமா? கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை நான் ஏறிவிட்டேன்.

வசந்தி அழுவாள் என்று நினைத்தேன். அவள் கோபப்பட்டாள்.

"அந்த மனுசன்ட பேர் என்ன?"

"தெரியாது."

"நாலு மாசம் ஒண்டாப் படுத்தெழும்பினீங்க!"

"கேக்கக் கூடாதெண்டு…"

"அங்க கேக்கக் கூடாது, சரி. கனடாவுக்கு வந்த மறுகா விசாரிக்க என்ன வருத்தம்? எங்கட பக்கத்து ஆள் எண்டு சொல்றீங்க. என்ட அப்பாவுக்கு அந்தப் பக்கத்தில தெரியாத வாத்திமார் இருந்தாங்களா? அப்பா உயிரோட இருக்கக்குள்ள ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா ரெண்டு கிழமையில விசாரிச்சிருப்பாரு. மாமனார் எண்டு வருசா வருசம் டெலிபோன்ல கதைச்சீங்கதானே!"

ஏஜென்சிக்குப் பயந்தேன், இமிகிரேஷனுக்குப் பயந்தேன் என்று சொல்லலாம். உண்மை அதுவல்ல. விசாரித்தால் பதில் வந்துவிடுமோ என்றுதான் பயந்தேன். நேரே கொழும்பிலிருந்து வந்தவன் பிராக்கில் யாரையும் விட்டுவிட்டு வந்திருக்க முடியாது, பாருங்கள். அந்தப் பொய் எனக்கு நல்ல வசதியாக இருந்தது.

"எழும்புங்க" என்றாள். என்னை இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரி வாசலுக்குப் போனாள். நடை முடிந்து யானா மற்றவர்களுக்குக் கை காட்டிக்கொண்டு நின்றாள். வசந்தி தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் பாதியைச் சொன்னாள், மீதியை நான் சொன்னேன். யானா குடையை மடக்கினாள். அதற்குப் பிறகு அவள் வாயில் ஒரு பகிடியும் வரவில்லை.

உள்ளே கண்ணாடிக்குப் பின்னால் ஒரு வயதான அம்மா. நல்ல மனுஷி. யானா செக் மொழியில் சொல்லச் சொல்ல, என்னைப் பார்த்துத் தலையாட்டினார். பழைய பதிவேடுகள் இருக்கின்றனவாம். கீழே அறையில் பெட்டி பெட்டியாக இருக்கின்றனவாம். இறந்தவர்களுக்கும் பதிவு உண்டாம். தேடித் தர ஆள் இருக்கிறாராம். ஒரு வெள்ளைத் தாளை எடுத்து முன்னால் வைத்து, பேனாவைத் திறந்துகொண்டு என்னிடம் ஒன்று கேட்டார். யானா மொழிபெயர்க்கத் தேவையிருக்கவில்லை.

"பெயர்?"

வரிசையில் எனக்குப் பின்னால் ஒரு கிழவர் நின்றார். வசந்தி என் முகத்தைப் பார்த்தாள். யானா நிலத்தைப் பார்த்தாள். அந்த அம்மா பேனாவைப் பிடித்தபடி காத்திருந்தார். என் நெஞ்சில் 'நாதன்' என்று கொட்டை எழுத்தில் ஒட்டியிருந்தது.

"தெரியாது" என்றேன். அவர் இரக்கத்தோடு பேனாவை மூடினார்.

திரும்பி வந்து மூன்று கிழமையாகிறது. வசந்தி என்னோடு கதைக்கிறாள், ஆனால் அளவாய். அவளின் தமையன் களுவாஞ்சிக்குடியில் இருக்கிறார், அவரும் தன் பங்குக்கு விசாரிக்கிறார். நான் என் பங்குக்கு என்ன செய்ய? என்னிடம் இருப்பது இந்தப் பத்தி ஒன்றுதான்.

கணக்கு வாத்தியார். வலது புருவத்தில் ஒரு வெட்டுத் தழும்பு. தொய்வுக்காரர். இரண்டு பெண் பிள்ளைகள், மூத்தவள் அப்போது எட்டாம் வகுப்பு. நன்றாய்ப் பகிடி விடுவார். இப்படி ஒருத்தர் வெளிநாடு போகவென்று வெளிக்கிட்டு, பிறகு ஒரு தகவலும் வராத வீடு உங்களுக்குத் தெரியுமா? அந்த எட்டாம் வகுப்புப் பிள்ளை இப்போது இங்கேயே, ஸ்காபரோவில் எங்கேயாவது ஒரு பஸ்ஸில் இருந்து இதை வாசிக்கிறாளா?

பிள்ளை, அப்பாவின் பெயரை மட்டும் முதலில் எழுதி அனுப்பம்மா. என்னை ஏசுகிறதை… மறுகா ஏசலாம்.