சுக்குக்கு ஒரு வக்காலத்து

ஷிப்ட் முடிந்து வந்தால் முத்துச்செல்வி செருப்பைக்கூடக் கழற்ற மாட்டாள். கழுத்தில் ஐடி கார்டு ஆட, குனிந்து, நாய் சுக்கு படுத்திருந்த கோணியை உள்ளங்கையால் ஒற்றிப் பார்ப்பாள். பிறகு கையை மோந்து பார்ப்பாள். "இன்னைக்கும் நனைச்சிட்டியாட்டி, என் ராசாத்தி?" என்று கொஞ்சல் வேறு.

சங்கரன்கோவில் பக்கத்துப் பெண். ஒரகடத்தில் கார்களுக்கு ரப்பர் குழாய் செய்யும் கம்பெனியில் வேலை. குழாய்க்குள் காற்றை அடைத்துத் தண்ணீரில் முக்கி, எங்கேயாவது குமிழி கிளம்புகிறதா என்று பார்க்க வேண்டும். அந்தக் கண்ணை வீட்டுக்கும் கொண்டுவந்துவிடுவாள். பக்கத்து அறையில் குழாய் சொட்டினாலும் எழுந்துபோய் மூடிவிட்டு வந்தால்தான் இவளுக்குச் சோறு இறங்கும்.

சுக்கு, வடக்குப்பட்டுத் தெருவில் கிடந்த பெட்டை நாய். கருத்தடை செய்து, அடையாளத்துக்குக் காது நுனியைக் கத்தரித்து விட்டிருந்தார்கள். ஒரு மழைக்கு அறைக்குள் ஒதுங்கியது, அப்புறம் போகவே இல்லை. நிறத்தைப் பார்த்து வைத்த பேர். எல்லாம் நன்றாகத்தான் இருந்தது, அது தூங்கி எழுந்த இடமெல்லாம் ஈரமாகும்வரை.

வீட்டுக்காரி முனியம்மாளுக்கு மூக்கு கூர்மை. "இன்னாடி முத்து, வூடெல்லாம் கப்படிக்குது! அதுக்குத் திமிரு. நாலு போட்டா அடங்கும். இல்லாங்காட்டி ஞாயித்துக்கெழமைக்குள்ள அத்த எங்கனா இட்டுக்கினு போய் வுட்டுடு."

முத்துச்செல்விக்கு அடிக்கக் கை வருமா? கம்பெனி மூளையைத்தான் ஓடவிட்டாள். "வால்வை மூடினா லீக்கு நின்னுதான ஆவணும்?" என்று சாயங்காலமே தண்ணீர்ச் சட்டியைத் தூக்கிப் பரணில் வைத்துவிட்டாள். சுக்கு என்ன, ரப்பர் குழாயா? துணி ஊறிய வாளியில் வாயை வைத்துச் சோப்புத் தண்ணீரைக் குடித்து, நுரைநுரையாகக் கக்கியது. படுக்கையும் நனைந்தது, போதாததற்கு!

ஷேர் ஆட்டோக்காரரைக் கெஞ்சி, நாயை மடியில் போட்டுக்கொண்டு சிங்கப்பெருமாள் கோவிலுக்கு ஓடினாள். கால்நடை டாக்டர் மெர்சி சிறுநீரைச் சோதித்துவிட்டுக் கேட்டார்: "முழிச்சிருக்கும்போது போகுதா, தூங்கும்போதா?"

"தூங்கையிலதான் டாக்டர். முழிச்சிருந்தா கதவைப் பிறாண்டி வெளிய போயிருவா. அம்புட்டு ரோசக்காரி."

"அப்ப அது போகலம்மா, ஒழுகுது. அதுக்கே தெரியாது. கருத்தடை பண்ண பெட்டைங்க சிலதுக்கு மூத்திரப்பை வாயை இறுக்கிப் பிடிக்கிற தசை தளர்ந்துடும். மாத்திரை கொடுத்தா பெரும்பாலும் கட்டுப்படும். தண்ணிய மட்டும் நிறுத்தாதீங்க."

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் முனியம்மாள் வாசலில் வந்து நின்றாள். முத்துச்செல்வி முந்திக்கொண்டாள். "பெரியம்மா, திமிருமில்ல, ஒண்ணுமில்ல. இறுக்கிப் பிடிக்கிற சதை தளந்துபோச்சாம். தெரியாம ஒழுகுறதுக்கு அடிக்கலாமா? நீங்களே சொல்லுங்க."

முனியம்மாள் நாயையே பார்த்தாள்.

"அதுக்கு மாத்திரை கீதா?"

"இருக்கு பெரியம்மா. வாங்கியாச்சு."

"நாய்க்கு மட்டுந்தானா?" என்று குரலை இறக்கிக் கேட்டாள். கேட்டதற்குத் தானே வெட்கப்பட்டு, பக்கென்று சிரித்தாள். "சரி, கெடக்கட்டும் போ. மாத்திரைய ஒயுங்கா குடு." சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. இருமியவள் சட்டென்று சேலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

குமிழி தப்பாத அந்தக் கண், வேறு பக்கம் திரும்பிக்கொண்டது. முனியம்மாள் எழுந்து போகும்வரை முத்துச்செல்வி முதுகைக் காட்டியபடி, நாயின் வயிற்றில் இல்லாத உண்ணியைத் தேடிக்கொண்டிருந்தாள்.