மூன்று நாள் வைரம்

ஞாயிறு, திங்கள், செவ்வாய் – தொடர்ந்து மூன்று நாள் எங்கள் வீட்டில் சண்டையே நடக்கவில்லை. நம்ப மாட்டீர்கள். இந்தப் பக்கத்தை வாராவாரம் படிப்பவர்களுக்கு என் வாயைப் பற்றித் தெரியும். என் மனைவி சுமதியின் வாயைப் பற்றியும், அவள் அனுமதித்த அளவுக்கு, எழுதியிருக்கிறேன். எங்கள் மகன் ப்ரவீன் இரண்டு பேரையும் உரித்து வைத்தவன்.

அப்படிப்பட்ட வீடு கப்சிப் என்று இருந்ததற்குக் காரணம், பூஜை அலமாரியில் குங்குமச் சிமிழுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு காகிதப் பொட்டலம். அதற்குள் ஒரு வைரக்கல்.

ப்ரவீனுக்கு வருகிற ஞாயிற்றுக்கிழமை நிச்சயதார்த்தம். பெண் ஸ்ரவந்தி, தெலுங்குக் குடும்பம். பட்டான்செருவில் ஒரு மருந்துக் கம்பெனி லேபில் வேலை. பையனும் பெண்ணும் அவர்களே பார்த்து, அவர்களே பேசி முடித்து, எங்களுக்குத் தகவல் மட்டும் சொன்னார்கள். மோதிரத்துக்குக் கல் பார்க்கும் வேலையை மட்டும் பையன் என் தலையில் கட்டினான். "நீங்கதானே பா இன்ஸ்பெக்ஷன் ஆளு" என்றான்.

வாஸ்தவம்தான். ராமச்சந்திராபுரம் ஃபேக்டரியில் முப்பத்தோரு வருஷம் டர்பைன் பாகங்களைச் சோதித்துப் பார்த்தவன் நான். தலைமுடி கனத்துக்கு ஒரு கீறல் இருந்தாலும் சிவப்புப் பெயின்ட்டில் கோடு போட்டு ஓரங்கட்டிவிடுவேன். ரிடையர் ஆன பிறகு ரிஜெக்ட் செய்ய ஒன்றும் கிடைக்காமல் கை நமநமவென்று இருந்தது. விடுவேனா?

செகந்திராபாத் ஜெனரல் பஜாரில் எங்களுக்குப் பழக்கமான கடை. கடைக்காரர் குஜராத்தி, மகா பொறுமைசாலி. பழைய லென்ஸைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நாலு தடவை போனேன். பதினோரு கற்களைத் தள்ளினேன். லென்ஸில் பார்த்தாலும் ஒரு புள்ளி தெரியக் கூடாது என்பது என் பிடிவாதம். கல்யாண மண்டபத்தின் கடைசி நாற்காலியிலிருந்து பார்த்தாலும் தெரிய வேண்டும் என்பது ப்ரவீனுடையது.

போன சனிக்கிழமை கடைக்காரர் என்னையும் ப்ரவீனையும் பார்த்துப் பெருமூச்சு விட்டார். இரண்டு கற்களை எடுத்து வைத்தார். ஒன்று பெரியது. இன்னொன்று அதில் முக்கால்வாசிதான் இருக்கும். கடை லைட்டில் இரண்டும் ஒரே மாதிரி ஜொலித்தன. பிறகு மாடிப்படிக்கு அடியில், தண்ணீர் கேன் வைக்கிற இருட்டு மூலைக்கு எங்களைக் கூட்டிப் போனார். அங்கே பெரிய கல் நடுவில் வெறும் கண்ணாடிச் சில்லு மாதிரி ஆகிவிட்டது. சின்னதோ... அங்கேயும் மினுக்கிக்கொண்டே இருந்தது!

கடை லைட்டில் எதுவும் மின்னும் சாப், என்றார். கட் சரியாக இருந்தால் மேலே விழுந்த வெளிச்சம் உள்ளே ஒரு சுற்று சுற்றிவிட்டு மேலேயே திரும்பி வருமாம். கல் பெரிதாக இருக்கட்டும் என்று ஆசைப்பட்டுப் பட்டை தீட்டினால், வெளிச்சம் அடிவழியாக நழுவிவிடுமாம். நான் சின்னதை எடுத்தேன். பெரியதைத்தான் எடுத்திருக்க வேண்டும் என்று ப்ரவீன் வீடு வரும் வரை காரில் முணுமுணுத்தான்.

வீட்டில் சுமதி ஒரு நிபந்தனை போட்டாள். கல்லை மோதிரத்தில் பதிப்பதற்கு முன்னால் மூன்று நாள் வீட்டில் வைத்து ராசி பார்க்க வேண்டும். அவள் பிறந்த வீட்டில் தோடு வாங்கினாலும் மூக்குத்தி வாங்கினாலும் அப்படித்தான். நம் ஜனங்களின் இந்த வழக்கம் கடைக்காரருக்குத் தெரியும். அதனால்தான் கல்லைப் பொட்டலமாக மடித்துக் கொடுத்திருந்தார். அந்த மூன்று நாளில் யாருக்காவது காய்ச்சல் வந்தாலோ, கெட்ட கனவு வந்தாலோ, முக்கியமாக வீட்டில் சண்டை வந்தாலோ, கல் சேரவில்லை என்று அர்த்தம். திருப்பிக் கொடுத்துவிட வேண்டியதுதான்.

திருப்பிக் கொடுத்தால்? கல் பதிக்க நாலு நாள் ஆகும். இன்னொன்று தேட நேரமே கிடையாது. பையன் நிச்சயதார்த்தத்தில் வெறுங்கையோடு நிற்பான்.

எனக்கு ராசியில் நம்பிக்கை இல்லை. ஆனால் சுமதிக்கு நம்பிக்கை இருக்கிறது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆக, வாயைக் கட்டினோம். ப்ரவீன் ஈரத்துண்டைக் கட்டிலில் போட்டுவிட்டுப் போனான். நானே எடுத்துக் காயப்போட்டேன். சாம்பாரில் உப்பில்லை. டப்பாவைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டேன், விமர்சனம் எதுவும் இல்லாமல். ஹாலில் கிடக்கும் என் பழைய பேப்பர் கட்டுகளைத் தாண்டும்போதெல்லாம் சுமதி மேலே பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள். அவ்வளவுதான்.

செவ்வாய் மாலை. இன்னும் ஒரே ஒரு ராத்திரி. கல்லைப் பார்க்க வரச் சொல்லி சுமதி ஸ்ரவந்தியைக் கூப்பிட்டிருந்தாள். கம்பெனி பஸ்ஸில் எங்கள் ஸ்டாப்பில் இறங்கி நேராக வந்தாள். நான் பொட்டலத்தைப் பிரித்துக் காட்டினேன். பதினோரு கற்களைத் தள்ளிய கதையையும் பெருமையாகச் சொன்னேன். ப்ரவீன் போனில் டிசைனைக் காட்டினான். மெல்லிய வளையம், அதன் மேல் ஆறு தங்கக் கம்பிகள் கல்லை உயரத் தூக்கிப் பிடித்திருக்கும்.

ரொம்ப அழகாக இருக்கிறது என்றாள் ஸ்ரவந்தி. பிறகு போனை அவனிடமே திருப்பிக் கொடுத்தாள். அவள் எங்களிடம் பேசுவது பாதி தெலுங்கு, பாதி தமிழ்.

"ஒக்க மாட்ட செப்பனா, அங்கிள்?" என்றாள். ஒரு வார்த்தை சொல்லட்டுமா என்று கேட்கிறாள்.

"சொல்லும்மா."

"இந்த ரிங் நான் போட முடியாது."

எனக்குச் சுரீர் என்றது. நாலு தடவை அலைந்தது எதற்கு? ப்ரவீன் முகம் சிவந்துவிட்டது. நான் வாயைத் திறந்தேன். சமையலறை வாசலில் நின்ற சுமதி என்னைப் பார்த்தாள், பூஜை அலமாரியைப் பார்த்தாள், மறுபடி என்னைப் பார்த்தாள். திறந்த வாயை மூடிக்கொண்டேன். ப்ரவீனும்.

அந்த அமைதியில்தான் அவள் மீதியைச் சொன்னாள். லேபில் நாள் முழுக்க கிளவுஸ் போட வேண்டும். கல் தூக்கலாக இருந்தால் கிளவுஸ் கிழியும், கிழிந்தால் கையில் என்ன படும் என்று சொல்ல முடியாது. தட்டையான மோதிரம் என்றால் பிரச்சினை இல்லை. இதென்றால் தினமும் காலையில் கழற்றி லாக்கரில் வைக்க வேண்டும். ப்ரவீன் போட்ட மோதிரத்தை தினமும் கழற்ற அவளுக்கு மனசு வரவில்லை. மோதிரம் எப்படி இருந்தாலும் எதுவும் சொல்லாதே, கல்யாணத்துக்கு முன்னாலேயே குறை சொல்கிறாள் என்பார்கள் என்று அவள் அம்மா காலையிலேயே தடுத்திருக்கிறார்.

"ஆனா இதைச் சொல்லாம இருந்தா, அப்புறம் எல்லாத்தையும் சொல்லாமயே இருக்கணும் அங்கிள்" என்றாள். கண் கலங்கிவிட்டது.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. முப்பத்தோரு வருஷத்தில், எங்கே போய்ப் பொருந்தும் என்று டிராயிங்கைப் பார்க்காமல் ஒரு பாகத்தைக்கூட நான் பாஸ் செய்ததில்லை. இங்கே கல்லை மட்டும் லென்ஸ் வைத்துப் பார்த்திருக்கிறேன். அது உட்காரப் போகும் விரலிடம் ஒரு வார்த்தை கேட்டேனா?

உடனே கடைக்காரருக்குப் போன் போட்டேன். சுற்றிலும் தங்கத்தில் கரை கட்டி, கல்லை அதற்குள் தாழ இறக்கிவிடலாம் என்றார். வெளிச்சம் போய்விடாதா என்று ப்ரவீன் கேட்டான். அந்தப் பெரிய கல்லாக இருந்தால் செத்திருக்கும், இதற்கு மேல்பக்கம் திறந்திருந்தால் போதும் என்று சிரித்தார். "ஹவ் பா, ஆமா... இந்தக் கல்தான் கரெக்ட்" என்றான் ப்ரவீன். அவன் என்னிடம் அப்படி ஒப்புக்கொண்டு எத்தனை வருஷம் ஆயிற்று! ஸ்ரவந்தி மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தாள்.

இதே விஷயத்தை அவள் ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமையில் சொல்லியிருந்தால்? முதல் வாக்கியத்தோடு நாங்கள் ஆரம்பித்திருப்போம். இரண்டாவது வாக்கியம் அந்தப் பெண்ணின் தொண்டையிலேயே நின்றிருக்கும், இந்த வீட்டில் இருக்கப்போகிற காலம் முழுக்க.

அவள் போன பிறகு சுமதி தீர்ப்புச் சொன்னாள். "கல்லு சேர்ந்துடுச்சு."

புதன் காலை ப்ரவீன் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு கடைக்குக் கிளம்பினான். லிஃப்ட் கீழே போய்ச் சேர்ந்திருக்காது, சுமதி பேப்பர் கட்டுகளில் ஆரம்பித்தாள். நான் சாம்பாரில் ஆரம்பித்தேன். மதியம் வரை போயிற்று.

வீட்டுக்கென்று நிரந்தரமாக ஒரு சின்னக் கல் வாங்கி வைத்தால் என்ன?