ஊசியை வளைத்தது யார்?

இன்று காலை ரெக்கார்டு பிளேயரின் ஊசி வளைந்திருப்பதைப் பார்த்ததும் மாமியாரிடம் கத்திவிட்டேன். தூசி தட்டும்போது அவர்தான் துணியால் இழுத்திருப்பார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

"நான் அதுகிட்டயே போவலம்மா" என்றார். நான் நம்பவில்லை.

ஊசியைக் கழற்றி ஒரு மாத்திரை டப்பாவில் வைத்துக்கொண்டு, அரியலூரில் ஆம்ப்ளிஃபயர் பழுதுபார்க்கும் கடைக்குக் கிளம்பினேன்.

"நானும் வரேன். என்னன்னு கேட்டுருவோம்" என்று அவரும் பஸ் ஏறிவிட்டார். பெரம்பலூரிலிருந்து அரியலூர் வரை டப்பாவை மடியிலேயே வைத்திருந்தேன்.

கடைக்காரர் லென்ஸ் வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"துணி பட்டு வளையலீங்க. இயர்பட்ஸ் பஞ்சு சுத்தியிருக்கு. யாரோ எதிர்ப்பக்கமா இழுத்துத் தொடச்சிருக்காங்க. வேற ஊசிதான் போடணும்."

நேற்று இயர்பட்ஸால் துடைத்தது நான்.

மாமியார் முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது. "நான்தான் அத்தை. மன்னிச்சிருங்க" என்றேன்.

அவர் கடைக்காரரிடம் திரும்பினார். "தம்பி, இப்ப சொன்னத ஒரு சீட்டுல எழுதிக் குடுங்க. வூட்டுல என் மவன்கிட்ட காட்டணும்."

சீட்டு இப்போது ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறது. எத்தனை நாள் கழித்துக் கிழிக்கலாம் என்று அனுபவமுள்ள மருமகள்கள் சொல்லுங்கள்.