கடைசி வீட்டு டின்

எங்கள் வீட்டுக்குள் ‘டார்கெட்’ என்ற சொல்லை முதலில் கொண்டுவந்தவள் அத்தை. சிரம்பானில் பெண்களுக்கு ஒருநாள் வியாபாரப் பயிற்சி, காசு கட்ட வேண்டாம், மதியம் பிரியாணி உண்டு என்று யாரோ சொல்லக் கேட்டு அத்தை போனாள். பிரியாணியைப் பொட்டலமாகக் கட்டி எனக்குக் கொண்டுவந்தாள். அது அன்று சாயங்காலமே தீர்ந்துபோயிற்று. சொல் மட்டும் தீபாவளி வரைக்கும் எங்களைப் படுத்தி எடுத்தது.

அத்தை அப்பாவின் தங்கை. கல்யாணம் ஆகவில்லை, அதற்காக அவள் கவலைப்பட்டு நான் பார்த்ததும் இல்லை. மலேசியாவில், ரந்தாவ் பக்கத்தில், ஒரு செம்பனைத் தோட்டத்துத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் எங்களோடுதான் இருந்தாள். விடிவதற்குள் ஒரு வேன் வந்து அவளையும் லயத்துப் பெண்கள் சிலரையும் சுங்கை காடுட் தொழிற்சாலைகளுக்கு ஏற்றிக்கொண்டு போகும், இருட்டும் நேரத்தில் கொண்டுவந்து இறக்கிவிடும். ஒருநாள் அந்த வேனுக்கு டாட்டா காட்டிவிட்டுச் சொந்தமாக ஒரு தொழில் செய்ய வேண்டும் என்பது அவளுடைய நெடுநாள் ஆசை.

பயிற்சி கொடுத்த அம்மா ஒவ்வொருவரிடமும் என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டாராம். அத்தை எழுந்து, “நல்லா யாவாரம் பண்ணணும்” என்றிருக்கிறாள். “நல்லான்னா எவ்வளவு? யாருக்கு? எப்போதைக்குள்ளே?” என்று அவர் திருப்பிக் கேட்டதும் அத்தைக்கு வாயடைத்துவிட்டது. அந்த அவமானத்தை அவள் தன்னோடு வைத்துக்கொள்ளவில்லை, எங்கள் எல்லோருக்கும் பங்கு போட்டுக் கொடுத்தாள். குழம்பு நல்லா இருக்கா என்று அம்மா கேட்டால், “நல்லான்னா எவ்ளோ அண்ணி?” என்பாள். சீக்கிரம் வந்துவிடுகிறேன் என்று அப்பா மோட்டார் சைக்கிளை எடுத்தால், “எத்தன மணிக்குள்ள லா?” என்று எங்கள் ஊர் ‘லா’வோடு பின்னாலேயே போவாள். தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோராக இருந்த அப்பாவை அதுவரை யாரும் மணி கேட்டதில்லை.

ஒரு வாரம் இப்படிப் போன பிறகு, சாப்பாட்டு நேரத்தில் தன் டார்கெட்டை அறிவித்தாள்.

“இந்தத் தீபாவளிக்கு நம்ம லயத்துல ஒரு வீடு விடாம எல்லா வீட்டுக்கும் என் முறுக்குதான் போவணும். அது நடந்துட்டா வேலைய விட்டுடுவேன்.”

அப்பா சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். “ஒரு வீடு விடாமன்னா? அந்த வீட்டையும் சேத்தா?”

“டார்கெட்டு தெளிவா இருக்கணும்ணே. எல்லா வீடும்னா எல்லா வீடும்தான்.”

அம்மா யார் முகத்தையும் பார்க்காமல் ரசத்தை ஊற்றினார். அந்த வீடு என்றால் லயத்தின் கடைசி வீடு. அதைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

நான் பள்ளிக்குப் போகத் தொடங்காத காலத்தில், தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்கு ஒலிபெருக்கியை அந்த வீட்டைப் பார்த்த மாதிரிக் கட்டியிருந்தார்கள். கைக்குழந்தைக்குக் காய்ச்சல், கொஞ்சம் திருப்பிக் கட்டுங்கள் என்று அந்த வீட்டு அக்கா வந்து கேட்டார். சாமிப் பாட்டைத் திருப்ப முடியாது என்றார் அப்பா. அந்த வருடம் அவர்தான் கோயில் தலைவர், பதவி புதுசு. அப்புறம் இரண்டு பக்கத்து ஆண்களும் சத்தம் போட்டார்கள். ஒலிபெருக்கியைவிட அது கூடுதலாகக் கேட்டது என்று அம்மா சொல்வார். அன்றோடு பேச்சு நின்றது. தீபாவளித் தட்டும் நின்றது.

அந்த வீட்டு அக்காவும் எங்கள் அத்தையும் தமிழ்ப்பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள், ஒரே சீப்பில் தலை வாரியவர்கள். சண்டைக்குப் பிறகும் இரண்டு பேரும் போனது ஒரே வேனில்தான். அத்தை டிரைவருக்குப் பின்னால் உட்காருவாள், அந்த அக்கா கடைசி சீட்டில். சுங்கை காடுட் வரைக்கும் ஒருத்தி முதுகை ஒருத்தி பார்த்துக்கொண்டு போவாள், மற்றவள் திரும்பியே பார்க்க மாட்டாள்.

சண்டைக்கு முந்தின வாரம் அந்த வீட்டிலிருந்து பொங்கல் வந்த தட்டு ஒன்று எங்களிடம் தங்கிவிட்டது. சேவல் படம் போட்ட மங்குத் தட்டு. பலகாரம் வந்த தட்டை வெறுமனே திருப்பிக் கொடுக்கக் கூடாது, ஒரு பிடி சீனியாவது போட்டுக் கொடுக்க வேண்டும் என்பது எங்கள் லயத்து வழக்கம். போட்டுக் கொடுக்க யாருக்கும் துணிச்சல் வரவில்லை. ஆகவே அந்தச் சேவல் எங்கள் அலமாரியின் மேல்தட்டில் சுவரைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தது. நான் ஒருமுறை அதில் சாப்பிடப் போய் அம்மாவிடம் அடி வாங்கினேன்.

டார்கெட் தினமும் கண்ணில் படுகிற மாதிரி இருக்க வேண்டும் என்பது பயிற்சியின் அடுத்த பாடம். அத்தை ரந்தாவ் டவுனில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த பாயிடம் காலி பிஸ்கட் டின்களைக் கேட்டு வாங்கி வந்தாள். பாய் எதற்கென்று விசாரித்து, தீபாவளிக்குத் தன் கடைக்கும் ஒரு டின் என்று சொல்லி அனுப்பினார். டின்களைச் சாம்பல் போட்டுக் கழுவி, எங்கள் முன்னறைச் சுவரோரமாக, லயத்தில் வீடுகள் இருக்கிற அதே வரிசையில் அடுக்கினோம். ஆர்டர் கிடைத்த வீட்டு டின்னுக்கு மூடி போட்டுச் சிவப்பு ரிப்பன் கட்ட வேண்டும். கட்டுகிற வேலை என்னுடையது. உலகத்தில் அதைவிடப் பெரிய வேலை இருப்பதாக எனக்கு அப்போது தெரியாது.

ஆர்டர்கள் வந்து குவிந்தன. வேனில் போய் வரும் பெண்களுக்கும், செம்பனைக் காட்டில் உதிர்ந்த பழம் பொறுக்கிவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு வரும் பெண்களுக்கும் முறுக்குச் சுடும் வேலையிலிருந்து விடுதலை என்றால் கசக்குமா? “நீ சுட்டா எங்களுக்கு லீவு லா” என்று வாசலில் நின்றே சொல்லி அனுப்பினார்கள். ஒரு வீட்டில் எள் போடச் சொன்னார்கள், இன்னொரு வீட்டில் காரம் கேட்டார்கள். அத்தை சம்மதிக்கவில்லை. ஒரே பொருளை ஒரே தரத்தில் செய்ய வேண்டும், அதுவும் பாடம். எல்லோருக்கும் ஓம முறுக்குதான்.

டின்கள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு வந்தன. கடைசி டின் மட்டும் வாயைத் திறந்துகொண்டு நின்றது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அத்தை தலை வாரி, வெளியூர் போகிறவள் மாதிரிப் பவுடர் பூசி, என்னையும் கூட்டிக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனாள். கதவைத் திறந்த அக்காவும் அத்தையும் ஒருவர் காலை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

“தீபாவளிக்கு முறுக்கு ஆர்டர் எடுக்கறேன். ஒங்களுக்கு வேணுமான்னு கேக்கலாம்னு வந்தேன்” என்றாள் அத்தை.

“நான் வீட்டுலயே சுட்டுக்கறேங்க. தப்பா நெனச்சுக்காதீங்க.”

வாடி போடி என்று பேசி வளர்ந்த இரண்டு பேர் வாங்க போங்க என்று பேசிக்கொண்டதை, வாடிக்கையாளருக்கு மரியாதை தர வேண்டும் என்ற பாடம் என்றே நான் எடுத்துக்கொண்டேன். அத்தை நன்றி என்றுகூடச் சொன்னாள். கதவு உடனே சாத்தப்படவும் இல்லை. நாங்கள் திரும்பி நடக்கத் தொடங்கி வெகு நேரத்துக்குப் பிறகுதான் சத்தம் கேட்டது.

எனக்குக் கோபம் பொங்கியது. விலைகூடக் கேட்காமல் ஒருவர் வேண்டாம் என்று சொல்லலாமா? வழியெல்லாம் அதையே சொல்லிக்கொண்டு வந்தேன். அத்தை என் பேச்சைக் காதில் வாங்கவில்லை. “அவ எவ்ளோ எளச்சிட்டா பாத்தியா பாப்பா” என்றாள். வியாபாரத்துக்கும் அந்த அக்கா இளைத்ததற்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு விளங்கவில்லை.

தீபாவளிக்கு முன்பு அத்தை லீவு போட்டு வீட்டுப் பின்னால் விறகடுப்பு மூட்டி, பெரிய குவாலியில் எண்ணெய் காயவைத்துச் சுட்டுத் தள்ளினாள். அம்மா பிழிந்து கொடுத்தார். அப்பா, சம்பந்தமில்லாதவர் போல, விறகை மட்டும் பிளந்து பிளந்து போட்டுக்கொண்டிருந்தார். டின்கள் நிறைந்து வீடு வீடாகப் போயின. சுவரோரம் காலியாகி, திறந்த டின் ஒன்று மட்டும் தனியாக நின்றது. அதையும் உள்ளே எடுத்து வைத்துவிடலாம் என்றார் அம்மா. இருக்கட்டும் என்றாள் அத்தை.

தீபாவளியன்று எண்ணெய் தேய்த்துக் குளித்து, கோயிலுக்குப் போய் வந்து உட்கார்ந்தோம். தட்டுகள் வரத் தொடங்கின. முதல் தட்டின் துணியை அம்மா விலக்கினார். அத்தையின் ஓம முறுக்கு. இரண்டாவது தட்டிலும் அதுவே. மூன்றாவது வீட்டுப் பாட்டி, தான் செய்தது போலவே ஒரு முகத்தை வைத்துக்கொண்டு நீட்டிய தட்டிலும் அதே முறுக்கு, பக்கத்தில் இரண்டு வாழைப்பழம்.

“நம்ம சரக்கு ஊரச் சுத்திட்டு நம்மகிட்டயே வருது” என்றார் அப்பா. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். எங்கள் வீட்டில் மட்டுமல்ல, லயம் முழுவதும் அதே கதைதான். ஒரு வீட்டுக்குக் கொடுத்துவிட்டுத் திரும்புவதற்குள் அதே முறுக்கு வேறு தட்டில் வீடு வந்து சேர்ந்திருந்தது. யாரும் குறை சொல்லவில்லை, நன்றாக இருக்கிறது என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். சொல்லிவிட்டு, அடுத்து என்ன பேசுவது என்று தெரியாமல் சீக்கிரம் எழுந்து போனார்கள்.

முந்தின வருடங்களில் ஒவ்வொரு வீட்டு முறுக்கும் ஒவ்வொரு மாதிரி. ஒன்றில் உப்புத் தூக்கலாக இருக்கும், ஒன்று பல்லை உடைக்கும், ஒன்று வாயில் வைத்ததும் மாவாகிவிடும். கண்ணை மூடிக்கொண்டு கடித்தாலே எந்த வீடு என்று சொல்லிவிடுவேன். யார் வீட்டில் எண்ணெய் காந்தியது என்று பேசிச் சிரிக்கவே பாதி நாள் போகும். இப்போது நான் சிரம்பான் பக்கம் தெமியாங்கில் இருக்கிறேன். தீபாவளிக்கு பிளாஸ்டிக் டப்பாவில் வாங்கிய முறுக்கு மேசைமேல் இருக்கிறது, பக்கத்து வீட்டு மேசையிலும் அதே டப்பா இருக்கிறது. யாரும் தட்டு எடுத்துக்கொண்டு வருவதில்லை. அந்தப் பல்லை உடைக்கிற முறுக்குக்காக என் நாக்கு ஏங்குகிறது என்றால் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். லயத்தை இடித்துச் செம்பனை நட்டாகிவிட்டது. அத்தையும் போய்விட்டாள். அலுவலகத்தில் வருடத் தொடக்கத்தில் டார்கெட் சொல்லச் சொல்லும்போதெல்லாம் அவள் குரல்தான் எனக்குள் கேட்கிறது. நல்லான்னா எவ்ளோ லா?

அந்தத் தீபாவளியன்று அத்தை பின்வாசல் படியில் போய் உட்கார்ந்துவிட்டாள். முன்னறையில் அப்பாவின் ரேடியோ உச்சத்தில் பாடிக்கொண்டிருந்தது. ஏறக்குறைய எல்லா வீட்டையும் பிடித்துவிட்டவள் முகம் ஏன் அப்படித் தொங்கிப்போயிருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. அந்த ஒரு வீட்டுக்காகத்தான் வருத்தம் என்று நினைத்து, பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

அப்போதுதான் கொல்லைப்பக்கமாகக் கடைசி வீட்டு அக்கா வந்தார். கையில் துணி மூடிய தட்டு. பின்னால் ஒரு பையன், புதுச் சட்டை, அவர் சேலையைப் பிடித்துக்கொண்டு. தட்டை நீட்டித் துணியை அவரே விலக்கினார். கோணல் மாணலாக, ஓரமெல்லாம் கருகின எள்ளு முறுக்கு. அன்று எங்கள் வீட்டுக்கு வந்த தட்டுகளில் அத்தை சுடாத முறுக்கு அது ஒன்றுதான்.

அத்தை எழுந்திருக்கக்கூட இல்லை. தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஓங்கிட்டயே வாங்கியிருந்தா, இன்னிக்கி எதடீ எடுத்துக்கிட்டு ஓன் வீட்டுக்கு வருவேன்? அறிவு கெட்டவளே” என்றார் அக்கா.

அத்தை சிரிக்க வாயைத் திறந்தாள், அழுகைதான் வந்தது. அந்த அக்கா தட்டைப் படியில் வைத்துவிட்டு அவளை ஒட்டி உட்கார்ந்தார். எனக்கு இடமில்லாமல் நான் எழுந்துகொள்ள வேண்டியதாயிற்று. அம்மா உள்ளே போய், அலமாரி மேலிருந்த சேவல் தட்டை இறக்கித் துடைத்து, தான் சுட்ட அதிரசத்தை அது கொள்ளுமட்டும் அடுக்கிக் கொண்டுவந்தார். அப்பா பின்வாசல் வரை வந்து எட்டிப் பார்த்தார். அந்தப் பையனைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு உள்ளே போய் ரேடியோ சத்தத்தைக் குறைத்தார்.

அவர்கள் போன பிறகு அத்தை அந்தக் கருகின முறுக்கையெல்லாம் திறந்துகிடந்த கடைசி டின்னில் போட்டு மூடி, என்னைக் கேட்காமல் தானே சிவப்பு ரிப்பன் கட்டினாள். நான் விடவில்லை. “இது ஏமாத்து வேல அத்த. நம்ம விக்கலியே. டார்கெட்ட நடுவுல மாத்தக் கூடாதுன்னு நீதானே சொன்ன?”

“ஆமா லா பாப்பா, எட்டலதான்” என்றாள் அவள், சிரித்துக்கொண்டே.

தீபாவளி லீவு முடிந்து வேன் வந்தபோது அவள் வழக்கம்போல் ஏறினாள். டிரைவருக்குப் பின்னால் உட்காராமல், நேராகக் கடைசி சீட்டுக்குப் போனாள். டார்கெட் தவறியதால் வேலையை விட முடியவில்லை, பாவம், பின்சீட்டில் போய் முகத்தை மறைத்துக்கொள்கிறாள் என்று நான் நினைத்தேன். வேன் போன திசையைப் பார்த்தபடி, அடுத்த வருடம் அந்தக் கடைசி வீட்டை எப்படியாவது பிடித்துக் கொடுத்து அத்தையைச் சந்தோஷப்படுத்திவிட வேண்டும் என்று எனக்குள் உறுதி எடுத்துக்கொண்டேன்.