சில்வெஸ்டர் அண்ணையின் கடலில் விழுந்த புழுதி

சில்வெஸ்டர் அண்ணை போய்விட்டார். நேற்று விடிய எழும்பி நெஞ்சு நோகுது என்றாராம்... ஆஸ்பத்திரி வாசலிலேயே முடிந்துவிட்டது.

மன்னார் உப்புக்குளத்தில் படங்களுக்குப் பிரேம் போடும் கடை வைத்திருந்தவர். பின்பக்கம் வீடு. என் ஸ்டுடியோவும் அதே கூரைதான். நான் படம் எடுப்பேன், அவர் பிரேம் போடுவார்.

இன்றைக்கு அவருடைய படத்தைப் பெரிதாக்கி பிரிண்ட் எடுத்துவிட்டேன். பிரேம் போட யாரிடம் போவது?

அழுகையும் வருகிறது, கோபமும் வருகிறது. கோபம்தான் கூட.

அண்ணை பின் அறையில் ஒரு ரயில் பாதை செய்து வைத்திருந்தார். மன்னார் ஸ்டேஷன் முதல் தலைமன்னார் பியர் இறங்குதுறை வரை, ஒரு பெரிய கட்டில் அளவில். தண்டவாளம் சைக்கிள் கம்பி, பனைமரம் ஸ்பொஞ்ச், எஞ்சின் பழைய கசெட் ரேடியோ மோட்டாரில் ஓடும்.

இடம்பெயர்ந்து அலைந்து, திரும்பி வந்து குடியேறிய கையோடு தொடங்கியது. உண்மைத் தண்டவாளத்தைப் பிடுங்கிச் சண்டைக்குப் பங்கர் கட்டிவிட்டார்கள், இதையாவது நான் போடுகிறேன் என்பார்.

அந்த நேரம் தெரியும்தானே... எல்லாப் பக்கமும் ரோட்டு வேலை. ஒரு டிப்பர் லொறி போனால் போதும், சிவப்புக் கிரவல் புழுதி கடைக்குள் வந்து குந்திவிடும். கடல்காற்றின் ஈரமும் சேர்ந்தால் லேசில் போகாது.

புழுதிக்கும் அண்ணைக்கும் ஜென்மப் பகை. பிரேமுக்கு வெட்டி மிஞ்சிய கண்ணாடித் துண்டுகளை ஒட்டி, ஸ்டேஷனுக்கு ஒரு பெட்டி, சிக்னலுக்கு ஒரு பெட்டி, வெளிச்சவீட்டுக்கு உயரமாக ஒன்று. எல்லாவற்றுக்கும் மேலே நிவாரணத்தில் கிடைத்த பிளாஸ்டிக் தறப்பாள், மரங்களில் படாமல் தடி ஊன்றி.

துணி போட விடமாட்டார். துணியே பஞ்சு கொட்டும் என்பார்.

சனிக்கிழமை என்றால் என் கடைக்குள் தலையை நீட்டுவார். "தங்கச்சி, அந்த ஊதுறதை ஒருக்காத் தாங்கோ." கமரா லென்ஸுக்கு ஊதும் ரப்பர் பந்து. அதால் ஊதி, ஷேவிங் பிரஷ்ஷால் தட்டி... ஒரு பனைமரத்தோடு மினக்கெடுவதைப் பார்த்தால் எனக்கே பொறுமை போய்விடும்.

ரயில் திரும்ப வரப்போகிறது என்ற சந்தோஷத்தில் ஊரில் ஒரு கண்காட்சி வைத்தார்கள். ஒரு சங்கத்தின் தலைவர் வந்து ரயில் பாதையைக் கேட்டார். பெயர் போடமாட்டேன். இதை அவர் வாசிப்பார், அது போதும்.

அண்ணை பியர் பக்கத்துக் கடலுக்கு அப்போதுதான் வார்னிஷ் ஊற்றியிருந்தார். "கடல் இன்னும் காயேல்ல. ஒரு கிழமை பொறுங்கோ," என்றார். தலைவர் பொறுக்கவில்லை, ஆட்களை அனுப்பித் தூக்கிக்கொண்டு போனார்.

கொண்டுபோய் வைத்தது ரோட்டோரப் பந்தலில். கண்ணாடி மின்னுகிறது, தன் முகம் படத்தில் விழாது என்று பெட்டிகளை எல்லாம் கழற்றச் சொன்னார். கமராவோடு நின்றவள் நான். கழற்றவேண்டாம், சரித்து எடுக்கிறேன் என்றேன்... அவர் காதில் ஏறவில்லை.

பின்னால் டிப்பர் டிப்பராகப் போனது. ஈர வார்னிஷில் புழுதி இறங்கி அப்படியே காய்ந்தது. அண்ணையின் நீலக் கடல் கிரவல் ரோட்டாகிவிட்டது.

மைக்கில் தலைவர், இது எங்கள் சங்கத்தின் படைப்பு என்றார். அண்ணையின் பெயர் வரவே இல்லை.

அண்ணை சண்டைக்குப் போகவில்லை. பாதை வீட்டுக்குத் திரும்பி வந்ததும் மரங்களைத் தட்டினார், பெட்டிகளைத் திரும்ப ஒட்டினார். கடலை மட்டும் ஒன்றும் செய்ய முடியவில்லை.

பிறகு பிளாட்போமில் ஒரு ஆளைச் செய்து நிறுத்தினார். வெள்ளைச் சட்டை, தொந்தி, கழுத்தில் மாலை. அந்த ஆளுக்கு மட்டும் கண்ணாடிப் பெட்டி இல்லை. தறப்பாளிலும் அவர் தலைக்கு நேரே ஒரு ஓட்டை. ஊதும்போதும் அவரைச் சுற்றித்தான் ஊதுவார்.

ஏன் என்று கேட்டேன். "அவருக்குப் புழுதி விருப்பம் தங்கச்சி," என்றார். நான் சிரித்த சிரிப்பு...

இன்றைக்குக் காலையில் தலைவர் முகநூலில் போட்டிருக்கிறார். அதே பந்தல் படம், நான் எடுத்தது. ஆருயிர் நண்பனாம், சேர்ந்து உருவாக்கினார்களாம். கீழே வரிசையாகக் கண்ணீர் இமோஜி.

மத்தியானம் செத்தவீட்டுக்கும் வந்தார். மாலை போட்டுவிட்டு அண்ணையின் மனைவி பிலோமினா அக்காவைத் தனியே கூப்பிட்டு, ரயில் பாதையைத் தாங்கோ, சங்க மண்டபத்தில் ஞாபகமாக வைப்போம் என்றார்.

அக்கா அவரைப் பின் அறைக்குக் கூட்டிப்போனார். நானும் போனேன். விடுவேனா?

அக்கா தறப்பாளைத் தூக்கினார். ஸ்டேஷன், சிக்னல், வெளிச்சவீடு எல்லாம் பளிச்சென்று இருந்தது. பிளாட்போமில் மட்டும் சிவப்பாக ஒரு கட்டி. முகம் எது, மாலை எது என்று தெரியாது.

தலைவர் குனிந்து பார்த்து, இதை மட்டும் ஏன் துடைக்காமல் விட்டவர் என்று கேட்டார்.

"அது நீங்கள்தான்," என்றார் அக்கா. "உங்களைத் தட்டவேண்டாம் எண்டு சொன்னவர். ரயில் பாதை இந்த வீட்டை விட்டு ஒரு இடமும் போகாது."

கொடுத்த கோப்பியையும் குடிக்காமல் தலைவர் போய்விட்டார். எனக்கு மனம் ஆறியது, பொய் சொல்லமாட்டேன்.

நாளைக்குப் பின்னேரம் வங்காலைச் சேமக்காலையில் அடக்கம்.

போயிட்டு வாங்கோ அண்ணை. இன்றைக்குச் சனிக்கிழமை... எல்லாம் ஊதி வைத்துவிட்டேன்.

தலைவரைச் சுற்றித்தான் ஊதினேன்.