நான்கு இடத்துத் தூசி

ஓட்டல் அறைக்குள் நுழைந்த முதல் ஐந்து நிமிடத்தில் மனிதர்கள் என்ன செய்வார்கள் என்பது ஹைட்ரூன் பீட்டர்ஸனுக்கு மனப்பாடம். டிராவமூண்டே என்ற துறைமுக ஊரின் கடற்கரையில் இருந்த அந்த ஓட்டலின் மூன்றாம் மாடியை அவள் இருபத்தாறு வருடமாகச் சுத்தம் செய்துவந்தாள். அந்த வருடங்கள் அவளுக்கு விருந்தினர்கள் மீது அன்பை வளர்க்கவில்லை. ஒருவன் கோட்டைக்கூடக் கழற்றாமல் மெத்தையை முஷ்டியால் குத்திப் பார்ப்பான். ஒருத்தி மூக்கைத் தூக்கி மோப்பம் பிடிப்பாள். இன்னொருத்தி குளியலறை சோப்புகளை எடுத்துப் பெட்டியில் போட்டுக்கொண்டு, சோப்பே வைக்கவில்லை என்று தொலைபேசியில் சொல்வாள். ஜன்னலைத் திறந்து கடலைப் பார்த்துவிட்டு, படத்தில் இதைவிட நீலமாக இருந்ததே என்று குறைப்படுபவர்களும் உண்டு. கடலுக்கும் ஹைட்ரூன்தான் பொறுப்பு என்பதுபோல.

எல்லோரையும் அவள் பொதுவாக வெறுத்தாள். பெயர் சொல்லி வெறுத்தது ஒருத்தியை மட்டும். அல்முத் பிரிங்க்ஹோஃப், ஓய்வுபெற்ற லத்தீன் ஆசிரியை. ஒவ்வொரு அக்டோபரிலும் முதல் வாரம், அதே முப்பத்தொன்றாம் அறை. ஒன்பது வருடத்துக்கு முன் அலமாரியின் உச்சியில் தூசி இருந்தது என்று அவள் தொடங்கிய சண்டை முடியவே இல்லை. அதிலிருந்து, தான் அறைக்குள் நுழையும்போது ஹைட்ரூன் வாசலில் நிற்க வேண்டும் என்பது அவளது நிபந்தனை. கைப்பையிலிருந்து வெள்ளைக் கைக்குட்டையை எடுப்பாள். அலமாரி உச்சி, கதவுச் சட்டம், சுவர்ப்படத்தின் மேல் விளிம்பு, விளக்கின் தொப்பி. எப்போதும் இந்த நான்கு இடம், இதே வரிசை. கைக்குட்டை வெள்ளையாகவே திரும்பும். "ம்" என்பாள். அந்த "ம்"முக்காக ஹைட்ரூன் செப்டம்பர் கடைசியிலேயே ஏணியை எடுத்துவிடுவாள்.

அந்த வருடம் அந்த "ம்" இன்னும் முக்கியமாகிவிட்டது. புதிய மேலாளர் டோர்பன் லாஸன் அவளை அழைத்துப் பேசியிருந்தான். மூன்றாம் மாடியைப் பற்றி ஏற்கெனவே இரண்டு புகார். மூன்றாவது வந்தால் மாடியின் துப்புரவு வேலை வெளி நிறுவனத்துக்குப் போகும், ஹைட்ரூன் அடித்தளத்துச் சலவையறைக்குப் போக வேண்டும். சலவையறைக்கு ஜன்னல் கிடையாது. மாடியில் அவளுக்குச் சொந்தச் சாவிக்கொத்து இருந்தது. ஸ்வீடன் கப்பல் துறைமுகத்துக்குள் வரும் நேரத்தில் குடிக்கும் ஒரு கோப்பைக் காப்பி இருந்தது. கட்டளையிட ஆள் இல்லாத ஒரு நீளமான நடைவழி இருந்தது. வேறு எதுவும் அவளிடம் இல்லை. அவளும் வேறு எதையும் கேட்டதில்லை.

பிரிங்க்ஹோஃப் கைத்தடியோடு வந்தாள்.

"இன்னும் நீங்கதானா?"

"நீங்களும் இன்னும் இருக்கீங்களே."

"முழங்கால்ல ஆபரேஷன். மேல எட்டாது. சந்தோஷம்தானே?"

"நாற்காலி போடவா?"

"ஏறி விழுந்து சாகட்டும்னா?"

"இன்னிக்கு வேணாம், ஃப்ராவ் பிரிங்க்ஹோஃப். இப்பதான் தரையைத் துடைச்சேன்."

கிழவி பல்லைக் கடித்துக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். தலையணையின் நடுவில் ஹைட்ரூன் உள்ளங்கை ஓரத்தால் வெட்டி, இரண்டு காது போல நிறுத்தியிருந்த மடிப்பு அந்த அசைவில் சரிந்தது. கிழவி அதை ஒரு கணம் பார்த்தாள். பிறகு, மேலே எட்டாத கோபத்திலோ என்னவோ, தடியைக் கட்டிலுக்கு அடியில் விட்டுத் துழாவினாள். சுவரோரம்வரை போன தடி எதையோ இழுத்துக்கொண்டு வந்தது.

கம்பளித் துண்டு போலச் சாம்பல் நிறத்தில் ஒரு உருண்டை. உதறியதும் அது கைக்குட்டையானது. மூலையில் நீல நூலில் இரண்டு எழுத்து: அ. பி.

"போன வருஷம் தொலைஞ்சது. ஊர்ல ரெண்டு நாள் தேடினேன்" என்றாள் பிரிங்க்ஹோஃப். குரல் உயரவில்லை. அதுதான் மோசம்.

விருந்தினர் வந்த கால் மணி நேரத்தில் மேலாளரே நேரில் வந்து விசாரிப்பது லாஸன் கொண்டுவந்த புதுப் பழக்கம். அவன் புன்னகையோடு வந்து, கைக்குட்டையைப் பார்த்ததும் புன்னகையை மடித்துக்கொண்டான்.

"ஒரு வருஷம், ஹெர் லாஸன். ஒரு வருஷமா இந்தக் கட்டிலுக்கு அடியில யாரும் கை விடல."

அவன் ஹைட்ரூனைப் பார்த்தான். புகாரை ஒப்புக்கொண்டால் விருந்தினருக்குக் கட்டணம் குறைக்க வேண்டும்; அது அவனுக்குப் பிடிக்காத காரியம். "இப்ப கைப்பையிலேர்ந்து விழுந்திருக்கலாம் இல்லையா, ஃப்ராவ் பீட்டர்ஸன்?" என்றான் மெதுவாக.

ஆமாம் என்றால் போதும். மாடி அவளுடையது. எழுபத்தெட்டு வயதுக் கிழவியின் சொல்லுக்கு எதிராக அவள் சொல். ஹைட்ரூன் அந்தச் சாம்பல் நிறத்தைப் பார்த்தாள். ஒன்பது வருடமாக நான்கு இடத்தைத் தேய்த்திருக்கிறாள். மெத்தை குத்துகிறவனுக்காக விரிப்பை இறுக்கினாள், மோப்பக்காரிக்காக எலுமிச்சைத் தண்ணீர் தெளித்தாள், ஜன்னல்காரர்களுக்காகக் கண்ணாடியைப் பளபளக்க வைத்தாள். வருகிறவர்களின் பழக்கங்களைச் சுத்தம் செய்திருக்கிறாள். அறையை அல்ல. அவர்களை முழுக்கத் தெரியும் என்ற கர்வம், அவர்கள் பார்க்காத இடத்தை அவளும் பார்க்காமல் செய்துவிட்டது. இதை அவளுக்குக் காட்டியவள் இந்தக் கிழவி என்பதைத்தான் பொறுக்க முடியவில்லை.

"இல்ல. இது ஒரு வருஷத் தூசி. தூசியோட வயசு எனக்குத் தெரியும்."

"உண்மையும் பேச வருதே" என்றாள் பிரிங்க்ஹோஃப்.

"உங்களுக்காக இல்ல."

"எனக்குன்னு நானும் எடுத்துக்கல."

மறுநாள் காலை சாவிக்கொத்தை லாஸனின் மேசைமேல் வைத்துவிட்டு ஹைட்ரூன் கீழே போனாள். அவன் ஏதோ ஆறுதல் சொல்ல வாயெடுத்தான். அவள் நிற்கவில்லை.

சலவையறையில் அவளது முதல் நாளே, மாடிகளிலிருந்து அழுக்குத் துணியைக் கீழே போடும் குழாய் வழியாக அந்தக் கைக்குட்டை வந்து விழுந்தது. மூன்று முறை துவைத்து, இஸ்திரி போட்டு, பெயரெழுத்து உள்ளே மறையும்படி மடித்து மேலே அனுப்பினாள். அடுத்த வருடம் அக்டோபரில் அது திரும்பவும் வந்தது. துணியின் நடுவில் நாலு வட்டமான சாம்பல் அடையாளம், ஒவ்வொன்றும் கைத்தடி முனையின் அளவு. கிழவி கைக்குட்டையைத் தடி நுனியில் சுற்றி, மேலே எட்டித் துடைத்திருக்கிறாள். நாலு இடத்திலும் தூசி. வெளி நிறுவனத்துப் பெண்கள் ஏணியைத் தொட்டிருக்கவில்லை.

லாஸனிடம் எந்தப் புகாரும் போகவில்லை. பிரிங்க்ஹோஃப் விருந்தினர் கருத்து அட்டையில் எல்லாம் நன்று என்று எழுதியிருந்ததாகச் சமையல்காரன் சொன்னான். ஹைட்ரூன் கைக்குட்டையை விளக்கடியில் பிடித்து நீண்ட நேரம் பார்த்தாள். ஒன்பது வருடத்து "ம்"களைவிட அது நன்றாக இருந்தது. அதற்காக அந்தப் பெண்மீது வெறுப்பு குறைந்ததா என்றால், இல்லை. இந்த முறை பெயரெழுத்து வெளியே தெரியும்படி மடித்தாள்.

அதன்பிறகு இருவரும் நேரில் சந்திக்கவே இல்லை. ஆனால் ஒவ்வொரு அக்டோபரிலும் கைக்குட்டை வந்தது, நாலு வட்டத்தோடு. ஹைட்ரூன் ஓய்வுபெறுவதற்கு முந்தைய அக்டோபரில் வந்தது மட்டும் தூய வெள்ளை. திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒரு புள்ளி இல்லை. மேலே யாரோ ஒரு பெண் கிழவியின் வரிசையைக் கற்றுக்கொண்டுவிட்டாள்.

அன்று மாலையில் அந்தப் பெண் அழுக்கு விரிப்புகளோடு கீழே வந்தாள். முகத்தில் நல்ல பெருமை. "முப்பத்தொண்ணுல இருக்கற அம்மா என்னைப் பார்த்து 'ம்'னு சொன்னாங்க" என்றாள்.

கட்டிலுக்கு அடியிலும் பார் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஹைட்ரூன் விரிப்புகளை எண்ணி வாங்கிக்கொண்டு, இயந்திரத்தின் கதவை மூடினாள்.